தூசி மெஷினுக்கு ஒரு மிஸ்டு கால்

காபியைக் குடிங்க மாப்பிள்ளை, ஆறிட்டா நல்லாயிருக்காது. சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன். உங்க அத்தை போடுற மாதிரி இருக்காது, ஆனா ரிடையர் ஆனப்புறம் நானும் கத்துக்கிட்டேன். அயர்லாந்துலேருந்து பறந்து வந்து, திருச்சியில இறங்கி, அங்கேருந்து ஒரத்தநாடு வரைக்கும் டாக்ஸியில குலுங்கி வந்திருக்கீங்க. முதல்ல நல்லாச் சாய்ஞ்சு உட்காருங்க.

நீங்க கத்தாம கேட்டீங்க பாருங்க, "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க"ன்னு, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பூர்ணிமாவுக்கு வரன் பார்த்தப்பவே, இந்தப் பையன் நிதானமானவன்னு நான்தான் முதல்ல சொன்னேன். வேற யாராவதா இருந்தா இந்நேரம் தெருவே கூடியிருக்கும். கொட்டகையில இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழட்டிக் கொண்டாந்து மேஜை மேல வச்சிட்டீங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு? சொல்றேன், கேளுங்க.

எல்லாம் மரத்தூள்லேருந்துதான் ஆரம்பிச்சுது. பூர்ணிமா உண்டாகியிருக்குன்னு நீங்க போன் பண்ணீங்கல்ல, அந்த வாரமே நான் பேரப்பிள்ளைக்கு நடைவண்டி செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டேன். கூட்டுறவு சங்கத்துல காலம் பூரா பேனா பிடிச்ச கை. ரிடையர் ஆனதும் மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் பண்ணி, ரம்பம் மெஷின், இழைப்பு மெஷின் எல்லாம் வாங்கிப் போட்டு, ஸ்டூல், பலகை, சாமி மாடம்னு பண்ணிட்டிருந்தேன். வேலை நல்லாத்தான் வந்துச்சு. தூசிதான் வீடு முழுக்கப் பறந்துச்சு. உங்க அத்தை சாப்பாடு போடுறப்பக் கேட்பா, "இன்னைக்கு ரசத்துல போட்டிருக்கறது தேக்கா, வேம்பா"ன்னு. அவ கிண்டல் உங்களுக்குத் தெரியாதா.

சரின்னு ஒரு டஸ்ட் கலெக்டர் வாங்கினேன். பெரிய துணிப்பை மாட்டின உறிஞ்சுற மெஷின். அது வந்து இறங்கின அன்னைக்கே அவ பேர் வச்சுட்டா, "கலெக்டர் வந்துட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க"ன்னு. அதுலேருந்து எங்க வீட்ல அது கலெக்டர்தான். "கலெக்டர் ஏன் இன்னைக்கு இவ்வளவு சத்தம் போடறாரு, யாராவது மனு கொடுத்தாங்களா" அப்படின்னு கேட்பா. நாங்க ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருந்தவங்கதான் மாப்பிள்ளை. அதை நீங்க மனசுல வச்சுக்கணும்.

கலெக்டரோட சுவிட்ச் பலகை அடுக்குக்குப் பின்னாடி இருந்துச்சு. ஒவ்வொரு தடவை மரம் அறுக்கறப்பவும் முட்டிவலியோட அந்த மூலைக்குப் போய்க் குனியணும். எலக்ட்ரீசியன் ஃபாஜில் வந்து பார்த்தான். ஆன்லைன்ல ரிமோட் விக்குது, வாங்கிக்குங்க சார்னான். எனக்கு ஒரு யோசனை. தென்னந்தோப்புல சின்ன மோட்டாருக்குப் போட்டிருந்த செல்போன் ஸ்டார்ட்டர் பெட்டி சும்மா கிடந்துச்சு. அங்க பெரிய மோட்டார் போட்டு, அதுக்குப் புதுப் பெட்டி மாட்டியாச்சு. நீங்க மெட்ராஸ்ல வளர்ந்தவர், உங்களுக்குத் தெரியாது. எங்க பக்கம் வயக்காட்டு மோட்டார் எல்லாம் இப்படித்தான். பெட்டிக்குள்ள ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்ல உட்கார்ந்துக்கிட்டே ஒரு மிஸ்டு கால் கொடுத்தா மோட்டார் ஓடும், இன்னொண்ணு கொடுத்தா நிக்கும். மழையில சேத்துல நடந்து போய் சுவிட்ச் போட வேண்டாம்.

அதையே கலெக்டருக்கு மாட்டுப்பான்னேன். ஃபாஜில் சிரிச்சுட்டு மாட்டிக் கொடுத்தான். போறப்ப ஒண்ணு சொன்னான், "பழைய நம்பர் எல்லாத்தையும் பெட்டியிலேருந்து அழிச்சிடுங்க சார், உங்க நம்பர் மட்டும் இருக்கட்டும்"னு. எனக்கு உடனே ஓட விட்டுப் பார்க்கற அவசரம். அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அந்த ஒரு சோம்பேறித்தனம் இல்லைன்னா நீங்க இன்னைக்கு இங்க உட்கார்ந்திருக்க மாட்டீங்க, நான் கடைசி வரைக்கும் நல்லவனாவே இருந்திருப்பேன்.

முதல் மிஸ்டு கால்ல கலெக்டர் உறுமிக்கிட்டு எழுந்தார் பாருங்க, உங்க அத்தை கை தட்டினா. பக்கத்து வீட்டு அம்சத்தைக் கூப்பிட்டு வந்து காட்டினா. எனக்குத் தலைகால் புரியலை.

அதே சமயத்துல அவளுக்கு டிக்கெட்டும் வந்துச்சு, நீங்க அனுப்பினீங்க. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய்வீட்டுக்கு வரணும். வர முடியாட்டி தாய் அங்க போகணும், அதுல தப்பே இல்லை. ஆறு மாசம் அங்கேயே இருக்கறதா ஏற்பாடு. அவ பிரசவ லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி எல்லாம் இடிச்சு வச்சா. தஞ்சாவூர் போய் ஸ்வெட்டர் வாங்கி, இந்த வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு ஹால்ல நடந்து காட்டினா. நானும்தான் சிரிச்சேன். எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சோறு வைப்பேன், ரசம் வைப்பேன், அப்பளம் சுடுவேன். பெட்டி அடுக்கறப்ப அவ பாடிக்கிட்டே அடுக்கினா, அவ்வளவுதான். நீங்க தனியா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை. நான் அதைக் குறையாச் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கூட்டாளிங்ககிட்ட பெருமைக்குக் காட்டினேன், இங்கேருந்தே போடறேன் பாருன்னு. மிஸ்டு கால் கொடுத்துட்டு, பேச்சு சுவாரஸ்யத்துல நிறுத்த மறந்துட்டேன். வீட்டுக்கு வந்தா உங்க அத்தை கொட்டகை வாசல்ல நிக்கறா. "ஏங்க, நான் இந்தப் பக்கமே வரலை, தானா ஓடுதுங்க"ன்னா. உண்மையைச் சொல்லியிருக்கலாம். விளையாட்டாத்தான் சொன்னேன், "கூட்ட வந்தப்ப நீதான் சுவிட்சைத் தட்டிவிட்டிருப்பே"ன்னு. உங்க போன்லேருந்து போயிருக்குமோன்னு கேட்டா, கணக்கு டீச்சர் இல்லையா. போனைக் காட்டினேன். அதுல அப்படி ஒரு கால் போனதாவே இல்லை. நான் வாசல்லயே அழிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன். விளையாட்டுன்னா முழுசா விளையாடணும்ல.

அவ முகம் அப்ப ஒரு மாதிரி ஆச்சு. பள்ளிக்கூடத்துல அத்தனை வருஷம் பிள்ளைங்க கணக்கைத் திருத்தினவ. என் கணக்கையும் சேர்த்துத்தான். அவ என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்படியா இருக்கும்கறீங்க"ன்னு கேட்டா. கல்யாணமான புதுசுல தஞ்சாவூர் பஸ்ல எங்க இறங்கணும்னு என்னைக் கேட்பா, அதே முகம். ரொம்ப நாளாச்சு அதைப் பார்த்து. எனக்கு அந்த முகம் பிடிச்சிருந்துச்சு.

அப்புறம் அப்பப்பக் கொடுத்தேன். எப்பவும் இல்லை, அவ தனியா இருக்கறப்ப மட்டும். நான் சலூன்ல இருப்பேன், கோயில் வாசல்ல இருப்பேன், ஒரு விரல் வேலை. வீட்டுக்கு வந்தா அவளே சொல்லிடுவா, "இன்னைக்கும் போட்டுட்டேங்க"ன்னு. திட்டவே மாட்டேன். பரவாயில்லை விடும்மா, வயசாச்சுன்னா வரதுதான்னு தோளைத் தட்டிக் கொடுப்பேன். ஒரு வார்த்தை கடுமையாப் பேசினேன்னு அவளே சொல்ல மாட்டா, வேணும்னா கேட்டுப் பாருங்க. கொட்டகைக் கதவைப் பூட்டி, சாவியை என்கிட்டயே கொடுத்தா. பூட்டின கொட்டகைக்குள்ளயும் கலெக்டர் ஓடினப்பதான் அவ ரொம்பப் பயந்து போனா. சாவியை நீதான்மா காலையில என்கிட்ட வாங்கினேன்னு நினைவுபடுத்தினேன்.

ஒருநாள் சாப்பிடறப்ப யதார்த்தமா ஒண்ணு சொன்னேன். "மெஷின் ஓடினா கரண்டு பில்லோட போச்சு. பச்சைக்குழந்தை இருக்கற வீட்ல கேஸை மறந்து திறந்து விட்டுட்டா என்ன ஆகும்னுதான் எனக்குக் கவலை." அவ்வளவுதான் சொன்னேன். அவ கையில இருந்த சோத்தை அப்படியே தட்டுல வச்சுட்டா.

தஞ்சாவூர்ல டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். அக்கறை இல்லாதவன் அப்படிச் செய்வானா? டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவ டாண் டாண்ணு பதில் சொன்னா. நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னார். அவர் முடிக்கறதுக்குள்ள இவ முடிச்சுட்டா. ஒண்ணுமில்லை, மனசுக் குழப்பமா இருக்கும்னார். நான் விடலை. வீட்ல நடக்கறதை நான்தானே பார்க்கறேன், அவ ராத்திரி தூங்கறதே இல்லைன்னு சொன்னேன். பாவம், நான் சொன்னதை நம்பி அவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். அவர் ராத்திரிக்கு மட்டும்தான் எழுதினார். பகல்லயும் ஒண்ணு கொடுத்தது நான். அதுக்கப்புறம் அவளுக்கு நிஜமாவே மறக்க ஆரம்பிச்சுது. பாலைப் பொங்க விட்டா, ஒரே சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டா. மிஸ்டு கால் கொடுக்கற வேலையே எனக்குப் பாதியாக் குறைஞ்சு போச்சு.

டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொன்னது அவதான். நான் ஒருநாளும் போகாதேன்னு சொன்னதில்லை. போனை ஸ்பீக்கர்ல போட்டு நான் பிடிச்சுக்கிட்டேன், அவளே பூர்ணிமாகிட்ட சொன்னா, "எனக்குப் புத்தி சரியில்லைம்மா, உன் பிள்ளையைத் தூக்க எனக்கே பயமா இருக்கு"ன்னு. பூர்ணிமா அழுதுச்சு. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, நிஜமாத்தான்.

பூர்ணிமாவுக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தது, பச்சை உடம்போட அது எழுந்து சமைச்சது, நீங்க ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடினது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நான் ஃபோட்டோவுலதான் பார்த்தேன். வீடியோ கால்ல நீங்க குழந்தையைக் கிட்டக் கொண்டாந்து, "பாட்டி பாரு"ன்னு காட்டினீங்களே, அப்ப உங்க அத்தை ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டா. போனுக்குள்ள இருக்கற குழந்தையைக் கீழே போட்டுடுவாளாம். அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்கினா.

சொன்னா நம்ப மாட்டீங்க மாப்பிள்ளை, என் வாழ்க்கையிலயே சந்தோஷமான நாள் அதெல்லாம். காலையில எந்தப் புடவை கட்டட்டும்னு என்னைக் கேட்பா. கொட்டகையில என் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துப்பா. நான் நடைவண்டிக்குச் சக்கரம் இழைப்பேன், அவ பார்த்துக்கிட்டே இருப்பா. கலெக்டர் எழுந்தாக்கூட என் முகத்தைத்தான் முதல்ல பார்ப்பா, நீங்க போட்டதுதானேன்னு. ஆமாம்மா, இது நான் போட்டதுன்னு சொல்லுவேன். அப்பதான் அவளுக்கு மூச்சு வரும்.

அதுக்கப்புறம் நடந்தது எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். வாசல்ல நின்னு வீரையன் உங்ககிட்ட சொல்றப்ப நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கறவன். பழைய பெட்டியில ரெண்டாவது நம்பர் அவனோடது, நான் அழிக்காம விட்டது. அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். கையால சுவிட்ச் போட்டா சும்மா இருக்கும். போன்ல போட்டா மட்டும், கூட இருக்கறவனுக்கும் தெரியட்டும்னு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுச் சொல்லும். பாவி, மாசக்கணக்கா அவன் போன்ல "உங்கள் மோட்டார் ஓடத் தொடங்கியது"ன்னு ஒரு பொம்பளைக் குரல் வந்துக்கிட்டே இருந்திருக்கு. போட்டது போட்டபடி தோப்புக்கு ஓடுவானாம். மோட்டார் நிக்குமாம். திரும்பி வந்து உட்கார்ந்தா மறுபடியும் போன். என்கிட்ட சொன்னா, புத்தி கெட்டவனுக்கு எதுக்குக் குத்தகைன்னு வேற ஆளுக்குக் கொடுத்துடுவேனோன்னு பயந்து மூடிக்கிட்டு இருந்திருக்கான்.

ஒருநாள் நான் உப்புத்தாள் வாங்கத் தஞ்சாவூர் போயிருந்தப்ப, உங்க அத்தையைத் தேடி வந்திருக்கான். "டீச்சர், நீங்க காட்டற டாக்டர் பேரைச் சொல்லுங்க. எனக்கும் உங்க வியாதிதான் வந்திருக்கு. ஓடாத மோட்டார் ஓடுதுன்னு என் காதுல கேட்குது"ன்னானாம்.

அவ எப்பேர்ப்பட்ட கணக்கு டீச்சர்னு நான் மறந்தே போயிருந்தேன். அவன் போனை வாங்கி, யார் கூப்பிடறாங்கன்னு பார்த்திருக்கா, எல்லாம் கலெக்டர் பெட்டியோட நம்பர். மாத்திரை மயக்கத்துலயும் அந்தப் போனைச் சாப்பாட்டு மேஜை மேல வச்சுட்டு, சாவி இல்லாததால கொட்டகை ஜன்னல் வழியாக் கம்பை விட்டுப் பெட்டி சுவிட்சைத் தட்டியிருக்கா. கலெக்டர் ஓடியிருக்கார், வீரையன் போன் அடிக்கலை. நிறுத்திட்டு வந்து எனக்குப் போன் பண்ணினா. "இன்னைக்கு மனசு தெளிவா இருக்குங்க. தனியாவே கோயிலுக்குப் போயிட்டு வந்துடுவேன்னு தோணுது"ன்னா. எனக்கு அந்த போன் நல்லா ஞாபகம் இருக்கு. குரல்ல அப்படி ஒரு உற்சாகம். பழைய குரல்.

ஜாக்கிரதையாப் போயிட்டு வாம்மான்னு சொன்னேன். போனை வச்சேன். அப்புறம் ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.

மேஜையில அந்தப் போன் அடிச்சுதாம். வீரையன் சந்தோஷத்துல "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா டீச்சர்"னு கேட்டிருக்கான். "நம்ம ரெண்டு பேருக்குமே இல்லை வீரையா"ன்னு சொல்லிட்டு, அவனுக்கு மோர் கலந்து கொடுத்திருக்கா. அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்தப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கலெக்டர் ஓடிட்டிருந்தாருங்க, நான்தான் போட்டிருப்பேன்"னா. நானும் தோளைத் தட்டிக் கொடுத்தேன். மாத்திரை எல்லாம் செம்பருத்தித் தொட்டிக்குப் போயிருக்கு, நீங்க காட்டித்தான் எனக்குத் தெரியும். இந்தக் கொஞ்ச நாளா அவ பாடிக்கிட்டே வேலை பார்த்தா. மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு நான் சந்தோஷப்பட்டேன். உங்களுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிட்டு, மறுபடியும் பெட்டி அடுக்கிட்டு இருக்கான்னு எனக்குத் தோணவே இல்லை.

நான்தான் பண்ணேன் மாப்பிள்ளை. மெஷினைப் போட்டதும் நான்தான், நீதான் போட்டேன்னு அவளை நம்ப வச்சதும் நான்தான், மாத்திரையைக் கூட்டிக் கொடுத்ததும் நான்தான். கெட்ட எண்ணத்துல எதையும் பண்ணலை. இப்படி ஒரு புருஷன் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கணும்னு எத்தனை பொம்பளைங்க ஏங்கறாங்க.

டிரைவர் ஹார்ன் அடிக்கிறான் பாருங்க. நீங்க கிளம்புங்க, ஃப்ளைட்டுக்கு நேரமாகுது. நடைவண்டியை எடுத்துக்கலையா? மூணு சக்கரத்தையும் இழைச்சு வழுவழுன்னு வச்சிருக்கேன். சரி, வேண்டாம்னா விடுங்க. மாத்திரையையாவது எடுத்துக்கிட்டுப் போங்க, அங்க அவளுக்கு யார் எடுத்துக் கொடுப்பா.

எனக்கு ஒண்ணுதான் மனசு கேட்கலை. தெருமுனைக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாக்கூட என்கிட்ட வந்து "போயிட்டு வரேங்க"ன்னு சொல்லிட்டுத்தான் படி இறங்குவா. கல்யாணமான நாள்லேருந்து ஒருநாள் தவறினதில்லை. இப்ப பாருங்க, என் முன்னாடியே பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய், ஒரு வார்த்தை சொல்லாம வண்டியில ஏறி உட்கார்ந்துட்டா. கண்ணாடியைக்கூட இறக்கலை.

நான் சொன்னா நீங்க யாரும் நம்பலை. இப்ப நீங்களே பார்த்துட்டீங்கல்ல மாப்பிள்ளை, எவ்வளவு மறதின்னு.